அம்மம்மா கதைப்பதும் கணக்குத்தான்

வணக்கம் நேயர்களே. ரொறன்ரோவில் குழந்தைகள் மொழியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்க்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில், குடும்பங்களை அழைத்துவருவது என் வேலை. பிள்ளை பெற்ற வீடுகளுக்கு ஃபோன் எடுப்பது, நாள் குறிப்பது, வாசலில் நின்று கூட்டிவருவது. ஏன் இத்தனை பாடு என்று விளங்க, முதலில் ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன்.

‘பட்டு’, ‘பத்து’ என்று சொல்லிப் பாருங்கள். நமக்கு வேறு வேறு. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்தவருக்கு அந்த ட, த இரண்டையும் பிரித்துக் கேட்பது கடினம். வான்கூவரில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில வீடுகளில் வளரும் 6 முதல் 8 மாதப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தியில் உள்ள இதே வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள், ஆனால் 10 முதல் 12 மாதப் பிள்ளைகளில் மிகச் சிலருக்குத்தான் அது முடிந்தது. இந்தி கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் திறன் அப்படியே இருந்தது. பிள்ளை அம்மாவின் மடியில் இருக்கும், ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் இருட்டுப் பெட்டிக்குள் ஒரு பொம்மை வெளிச்சத்தோடு ஆடும். அம்மா தன்னை அறியாமல் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதால் அவர் காதில் ஹெட்ஃபோனும் பாட்டும்.

சில மாதங்களுக்குள் இவ்வளவு மாறுகிறது. அதனால்தான் “அடுத்த மாதம் வரட்டுமா” என்று கேட்டால் எனக்குப் பதறும். சளி, காதுவலி என்றால் தள்ளித்தான் போட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் வயதையே வேறு விதமாகக் கணக்கிட வேண்டும். அப்புறம், அம்மாவுக்கு எப்போது வசதி என்று கேட்பதற்கு முன் பிள்ளையின் பகல் நித்திரை எப்போது என்று கேட்பேன். எழும்பி, பால் குடித்த பின் வரும் அந்த அரை மணி நேரம்தான் எங்களுக்குப் பொன். மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்போம், பனிக்காலத்தில் வாசலுக்குக் கிட்ட கார் நிறுத்த இடம் பிடித்து வைப்போம்.

இவ்வளவும் செய்து, இரண்டாவது நிமிடத்தில் பிள்ளை வீறிட்டு அழும். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, உங்கட நேரத்தை வீணாக்கிப்போட்டன்” என்று ஒரு தாய் கண்கலங்கினார். அன்றிலிருந்து ஃபோனிலேயே சொல்லிவிடுகிறேன்: அழுவது வழமை, எல்லா ஆய்வுக்கூடங்களிலும் நடப்பது, இதில் பாஸ், ஃபெயில் கிடையாது.

சரி, மொழிக் கேள்விக்கு வருவோம். “வீட்டில் என்ன மொழி?” என்றால் நம்மவர்களில் பலர் உடனே “இங்கிலீஷ்” என்பார்கள். பகலில் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் அம்மம்மா. அம்மம்மா என்ன கதைப்பார்? தமிழ். “அதுவும் கணக்கோ அக்கா?” கணக்குத்தான், மணிக்கணக்காகவே எழுதுவோம்! மறைத்தால் தமிழ் கேட்கும் பிள்ளை ஆங்கிலம் மட்டும் கேட்கும் குழுவில் போய்ச் சேர்ந்து முடிவையே குழப்பிவிடும். இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்று யாரோ பயமுறுத்தியதால் மறைப்பவர்களும் உண்டு. அப்படிக் குழப்பாது, தயவுசெய்து நம்புங்கள்.

கொஞ்சிப் பேசும் பேச்சைக் குழந்தைகள் விரும்புகிறார்களா என்று பார்த்த ஒரு கூட்டாய்வு 2020இல் வெளிவந்தது, 67 ஆய்வுக்கூடங்கள், 2,329 பிள்ளைகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவை. வேலைநாளில் பகலில் வரமுடிகிற, கார் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளைத்தான் எங்களைப் போன்றவர்கள் அதிகம் பார்க்கிறோம். அது எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் சனிக்கிழமையும் திறந்து வைக்கிறோம், தமிழிலேயே ஃபோன் எடுக்கிறேன்.

அப்படி ஓர் அழைப்பு உங்களுக்கு வந்தால், ஆய்வின்போது பிள்ளையை எடுக்கும் வீடியோவை யார் பார்ப்பார்கள், எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். நடுவில் நிறுத்தலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அம்மம்மாவையும் கூட்டிவாருங்கள். பக்கத்து அறையில் என்னோடு இருந்து, பேரப்பிள்ளை தலையைத் திருப்புவதைத் திரையில் பார்க்கலாம்.