முன்சக்கரம் கொஞ்சம் ஆடட்டும்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் வைத்திருப்பவர்களிடம் நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. முன்சக்கர பேரிங்கின் நட்டை முறுக்கி இறுக்காதீர்கள். அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டை வைத்துக்கொண்டு பேசுவோம். 1961 முதல் நம் சென்னையில் தயாரான கார். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் சாயுமே, அதே வண்டிதான். அதில் எஞ்சின் இழுப்பது பின்சக்கரத்தை. முன்சக்கரம் சும்மா உருளும். நடுவில் சுற்றாத ஓர் அச்சு, அதன்மேல் சுற்றுகிற ஹப், அதாவது சக்கரத்தின் குடம், இடையில் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு டேப்பர் ரோலர் பேரிங், அதாவது சாய்ந்த உருளைகள் வரிசையாக வைத்த பேரிங். அச்சின் நுனியில் ஒரு நட்டு. அதைத் திருகத் திருக பேரிங்கின் உள்வளையமான கூம்பு உள்ளே போய், உருளைகளுக்கு இருக்கிற இடம் குறைந்துகொண்டே வரும்.

இந்த டேப்பர் ரோலருக்கு 1898இல் காப்புரிமை வாங்கிய ஹென்றி டிம்கன், அமெரிக்காவில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்தவர். வண்டி திரும்பும்போது பாரம் மேலிருந்து மட்டுமா வருகிறது? பக்கவாட்டிலும் தள்ளுகிறது. இரண்டையும் தாங்கட்டும் என்றுதான் உருளையைச் சாய்த்து வைத்தார்கள்.

வண்டி என்றதும் நம்மூர் மாட்டு வண்டியைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். மண் பாதையில் வண்டிச் சக்கரம் இப்படியும் அப்படியும் நகர்ந்து கடக், கடக் என்று சத்தம் போடும். சக்கரத்தின் குடத்துக்கும் அச்சு நுனியில் செருகிய கடையாணிக்கும் நடுவே இடம் விட்டிருப்பார்கள். அந்த ஆட்டத்தை நிறுத்த ஆப்பு வைத்த வண்டிக்காரரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? வைத்தால் குடம் உரசிச் சூடேறும், உரசாமல் இருக்கப் பூசிய வண்டி மை காய்ந்துபோகும், மாடு நுரை தள்ளும். காரிலும் சங்கதி அதுவேதான். பிரேக் சூட்டில் ஹப் கொதிக்கும்போது, இடமே இல்லாமல் இறுக்கிய பேரிங் இன்னும் நெரிபடும். கிரீஸ் உருகி ஓடும், உருளை நீலம் பாய்ந்து போகும். கடைசியில் பேரிங் பிடித்துக்கொண்டால் அச்சுக்கே ஆபத்து.

நட்டை இப்படி முறுக்கி இறுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் அனுமானம். மாருதி 800 மாதிரி முன்சக்கரம் இழுக்கிற கார்களில், நடு நட்டை நீளக் குழாய் செருகித்தான் இறுக்க வேண்டும். அங்கே அதுதான் சரி. அதிலேயே தொழில் பழகிய பையனிடம் ஹெரால்டைக் கொடுத்தால் அதே குழாயைத் தேடுவான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் நின்று, “தம்பி, இது வேற வண்டி” என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல் வேண்டாம், சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். நாம் சக்கரத்தைப் பிடித்து உலுக்கப் போகிறோம், ஞாபகம் இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உலுக்கினால் வண்டி சரியும்.

கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் ஒரு கை, 6 இருக்கும் இடத்தில் ஒரு கை. சக்கரத்தை இழுத்துத் தள்ளிப் பாருங்கள். அளவுக்கு மீறி ஆடுகிறதா? உடனே பேரிங் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டில் யாரையாவது உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு பேரிங்கில். மிதித்த பிறகும் ஆடினால் சக்கரம் திரும்ப உதவும் மூட்டுகளை, அதாவது மேலே பால் ஜாயின்ட்டையோ கீழே ட்ரன்னியனையோ பார்க்க வேண்டும். நட்டைத் தொட்டுப் பிரயோஜனமில்லை.

பேரிங்தான் என்றால் நடுவிலுள்ள கிரீஸ் மூடியைக் கழற்றி, நட்டு கழலாமல் குறுக்கே செருகியிருக்கும் ஸ்ப்ளிட் பின்னை உருவிப் போட்டுவிடுங்கள். பிரேக் ஷூ டிரம்மில் உரசினால் அதையும் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் கைக்கணக்கு தப்பும். சக்கரத்தை ஒரு கையால் சுற்றிக்கொண்டே நட்டை மெல்ல இறுக்குங்கள். சுற்றிக்கொண்டே என்பதைக் கவனியுங்கள். சுற்றினால்தான் உருளைகள் தன் இடத்தில் உட்காரும். சக்கரம் லேசாகக் கனக்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். பிறகு நட்டின் ஆறு பட்டையில் ஒரு பட்டை அளவு பின்னால் தளர்த்துங்கள். ஸ்ப்ளிட் பின் செருகும் துவாரம் நேராக வரவில்லையா? இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். துவாரத்துக்காக முன்னால் இறுக்கவே இறுக்காதீர்கள். இப்போது ஆட்டினால் விரல் நுனியில் ‘டிக்’ என்று ஒரு சின்ன அசைவு தெரியும். அது அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். அது இருக்கட்டும், இருக்க வேண்டும். புதுப் பின் போட்டு நுனிகளை மடக்கிவிடுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போட்டால் ஒடியும். சக்கரம் கழலாமல் காப்பது அந்தப் பின்தான்.

நேரம் முடிகிறது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். கிரீஸ் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழசின்மேல் புதுசை அப்பாதீர்கள். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, உருளைகளுக்கு இடையில் புகும்படி உள்ளங்கையால் அழுத்தி ஏற்றுங்கள். ஹப்பை நிரப்பி அடைக்காதீர்கள், சூட்டில் பொங்கி பிரேக் ஷூவுக்குப் போய்விடும். டிரம்மைத் திறந்தால் தூசியை ஊதாதீர்கள். பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அப்புறம், பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டு பக்க ஹப்பையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அன்றைக்கே அதைத் திறந்து பார்த்துவிடுங்கள். வணக்கம்.