சீக்கியப் பொண்ணு டஸ்தார் கட்ட ஆரம்பிச்சா: துணியும் ஸ்கூலும்

வணக்கம் மக்களே. பிரிட்டன்ல ஒரு சீக்கியக் குடும்பம்னு வைங்க. தாத்தா தலைப்பாகை கட்டினவர், அப்பா முடி வெட்டிக்கிட்டவர். இப்போ 14 வயசுப் பொண்ணு டஸ்தார், அதாவது சீக்கியத் தலைப்பாகை, கட்டணும்னு நிக்குறா. முதல் எதிர்ப்பு பெரும்பாலும் வீட்டுக்குள்ளதான்: "அது ஆம்பளைங்க கட்டுறதும்மா." அப்படி இல்லைங்க. சீக்கியர் நடத்தை விதித் தொகுப்பான ரஹித் மர்யாதாவுலேயே பெண்கள் கட்டலாம், கட்டாமலும் இருக்கலாம்னு இருக்கு. முடிவு அவளோடது.

சரி, கட்டுற முறை. தலைமுடி நல்லா காய்ஞ்சிருக்கணும். ஈரத்தோட கட்டினா உள்ள புழுங்கி நாறும், அரிக்கும். கங்கா, அதாவது சீக்கியர் வச்சிருக்குற சின்ன மரச் சீப்பால சிக்கெடுத்து, உச்சியில ஜூடா (கொண்டை) போடுங்க. கொண்டை பின்னால தள்ளி இருந்தா மத்தியானத்துக்குள்ள கட்டு மொத்தமும் பின்னாடி சரிஞ்சிடும். நிறைய பேருக்குத் தப்பாப் போறது இந்த இடத்துலதான். அதுக்கு மேல சின்னதா ஒரு கேஸ்கி, அதாவது தலைப்பாகைக்கு உள்ள கட்டுற துணி.

வட்டக்கட்டுக்கு மெல்லிசான வாயில் காட்டன், பழகுறப்போ 4, 5 மீட்டர் போதும். லேசா தண்ணி தெளிச்சு, ரெண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு இழுத்து நீளவாக்குல மடிக்கணும், இதுதான் பூணி. ஒரு முனையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு சுத்துங்க. ஒவ்வொரு சுத்தும் முந்தினதுக்குக் கொஞ்சம் மேல ஏறணும். கடைசிச் சுத்தை விரிச்சு உச்சியை மூடிட்டு, மீதியைப் பின்னால செருகுங்க. வெளிய எட்டிப் பார்க்குற முடியை சலாய் ஊசியால உள்ள தள்ளலாம். நெத்தியில விண்ணுன்னு வலிச்சா அவிழ்த்துக் கட்டுங்க, தாங்கிக்க வேண்டாம். தினமும் இழுத்து இறுக்கினா முன்நெத்தி முடி கொட்டும்.

இப்போ ஸ்கூல். தலைப்பாகைக்குச் சட்ட பலம் 1983லயே கிடைச்சது. மண்ட்லா வழக்குல, அப்போ நாட்டோட உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை, சீக்கியர் ஒரு இனக்குழு, அதனால இனப் பாகுபாட்டுச் சட்டம் அவங்களையும் காக்கும்னு தீர்ப்பு சொல்லுச்சு. கையில போடுற கடாவை, அதாவது சீக்கியரோட மத அடையாளமான இரும்பு வளையத்தைத்தான் "நகை"ன்னு சொல்லிக் கழட்டச் சொல்வாங்க. வேல்ஸ்ல அபர்டேர் ஊர்ல ஒரு மாணவியைக் கடாவுக்காக ஸ்கூல்லேருந்து விலக்கினாங்க. வாட்சும் சாதாரணக் கம்மலும் மட்டும்தான் போடலாம்ங்கிறது அங்க விதி. 2008 ஜூலையில உயர் நீதிமன்றம், இது மறைமுகப் பாகுபாடுன்னு அவ பக்கம் தீர்ப்பு கொடுத்துச்சு. இப்போ 2010 சமத்துவச் சட்டமும் இருக்கு. விளையாட்டு வகுப்புல அடிபடும்னு சொன்னா, கடா மேல துணிப் பட்டை போட்டுக்குறோம்னு நீங்களே முதல்ல சொல்லிடுங்க, பேச்சு பாதி முடிஞ்சிடும்.

பின்னாலேருந்து தலைப்பாகையை இழுக்குறது, "தலையில துண்டா?"ன்னு கேக்குறது, இதெல்லாம் விளையாட்டு இல்லைங்க. இனவெறித் தொல்லைன்னு அந்தப் பேரிலேயே புகார் கொடுக்கணும். தேதி, இடம், சொன்ன வார்த்தை, பக்கத்துல இருந்தவங்க, எல்லாத்தையும் அன்னிக்கே எழுதி வைங்க. முதல்ல தலைமை ஆசிரியர், அசையலைன்னா நிர்வாகக் குழு. "பார்க்கலாம்"னு வாயால சொல்லி அனுப்பினா, அந்தப் பேச்சைச் சுருக்கி அன்னிக்கு ராத்திரியே அவங்களுக்கு ஈமெயில் போட்டுடுங்க.