யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் 31 நாளில் ஒரு புத்தகம் வரும்! | எங்கள் அப்பப்பாவின் கல்வெட்டு

(திரையில்: பழுப்பேறிய சிறு புத்தகம்)

வணக்கம் உறவுகளே! இந்தப் புத்தகத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பாஷையூரில் கடற்றொழில் செய்த எங்கள் அப்பப்பாவுக்காக, அவர் கண்மூடிய 31ஆம் நாளுக்கு அச்சடித்தது. காகிதம்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் இதற்குப் பெயர் கல்வெட்டு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 31ஆம் நாள் சைவ வீடுகளில் அந்தியேட்டி, கத்தோலிக்கர் எங்களுக்கு நினைவுத் திருப்பலி. வந்தவர்களுக்குக் கல்வெட்டு கொடுப்பது இரண்டு பக்கமும் உண்டு. அவர்களுடையதில் தேவாரம் இருக்கும், எங்களுடையதில் திருப்பாடல் இருக்கும்.

சரி, இந்த வீடியோவை நான் செய்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான்.

(திரையில்: முதற்பக்கம், நான்கு அடிகள்)

இதுதான் திதி வெண்பா. இறந்த ஆண்டு, மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று எல்லாவற்றையும் நான்கே அடிக்குள் அடக்கிய பாட்டு. திவசம் திதி பார்த்துத்தான் செய்ய வேண்டும். தாள் தொலைந்தாலும் பாட்டு மனத்தில் நிற்கும். அதற்கு ஏன் வெண்பா? ஒரு சீரும் அடுத்த சீரும் சேரும் ஓசைக் கட்டுக்குத் தளை என்று பெயர். வெண்பாவுக்குள் வெண்டளை என்ற வகை மட்டும்தான் வரலாம். ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் பெரும்பாலும் தளை தட்டிவிடும், பாட்டே பிழையைக் காட்டிக்கொடுக்கும். எவ்வளவு அழகான பூட்டு! இன்னொன்று கேளுங்கள். வெண்பாவின் ஈற்றுச்சீர், அதாவது கடைசிச் சீர், நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் (ஓசை அளவைக் காட்டும் மாதிரிச் சொற்களில்) ஒன்றில்தான் முடிய வேண்டும். இறந்த நாளைச் சொல்லும் பாட்டு ‘பிறப்பு’ என்ற வாய்பாட்டில் முடியலாம்! இதை முதலில் கவனித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கத்தோலிக்கர் நாங்கள் திதி பார்ப்பதில்லை. அப்படியிருந்தும் அப்பப்பாவுக்கு ஒரு வெண்பா இருக்கிறது. அவருடைய நண்பர், சைவரான ஒரு தமிழ் வாத்தியார், செத்தவீட்டுக்கு வந்தபோது சொன்னாராம்: “திதி இல்லாட்டி என்ன, திகதிக்கு நான் எழுதித் தாறன்.” அந்த வெண்பா ‘கரை’ என்ற சொல்லில் முடிகிறது. ‘மலர்’ என்ற சொல்லின் அதே ஓசை அளவு, அதனால் மலர் வாய்பாடு. கடலுக்குப் போய்வந்த மனுஷனுக்கு வேறு எந்தச் சொல் பொருந்தும், சொல்லுங்கள்?

வாழ்க்கை வரலாறு என்று இரண்டே பக்கம். தொழில், கலியாணம், பிள்ளைகள், 1995 ஒக்டோபர் போர்க்கால இடப்பெயர்வு. எனக்கு அதில் ஒரு குறை. கடலுக்குப் போவதற்கு முன் எல்லாரையும் இருத்தி வைத்துச் செபமாலை சொல்வாரே, அது அதில் இல்லை. நித்திரை தூங்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அந்தப் பிள்ளையின் பங்கையும் தானே சொல்வாரே, அதுவும் இல்லை. பேரப்பிள்ளைகளின் ஞானஸ்நானத் திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அவர் மடியில் இருந்தது அந்தக் கொப்பியும் செபமாலையும்தான்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. ஊர்க் கதைகள் பல இன்று இப்படிப்பட்ட கல்வெட்டுகளில்தான் மிஞ்சி இருக்கின்றன. நூலகம் என்ற எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. உங்கள் வீட்டு அலுமாரியில் ஒன்று கிடந்தால், தயவுசெய்து ஸ்கேன் செய்து அவர்களுக்குக் கொடுங்கள். உங்கள் வீட்டு வெண்பா எந்தச் சொல்லில் முடிகிறது என்று கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றாக வாசிப்பேன்.

இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் 2ஆம் திகதி நாங்கள் சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு) மெழுகுதிரி கொளுத்தப் போவோம். இந்த முறை அந்தக் கொப்பியையும் கொண்டுபோகிறேன். அப்பப்பா எழுதாமல் விட்ட கடைசிப் பேத்தியின் திகதியை அங்கே வைத்து எழுத வேண்டும்.