பத்துப் பேரில் ஒருவன்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

அன்றாட வாழ்க்கையில் கிறிஸ்தவ விசுவாசம் எப்படி வளர்கிறது என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். நம்பிக்கை, நன்றி, ஜெபம் மூன்றையும் தொட்டுப் பேசுங்கள் என்றார்கள். நான் போதகர் இல்லை. பொறையாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் நிலம் இருக்கிறது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் வயலையும் அடுப்படியையும் விட்டு அதிக தூரம் போகமாட்டேன்.

லூக்கா சுவிசேஷம் 17ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகளின் சம்பவம் வருகிறது. ஊருக்குள் வரக்கூடாதவர்கள். அதனால் எட்ட நின்றபடியே, "இயேசு ஐயரே, எங்களுக்கு இரங்கும்" என்று சத்தம் போடுகிறார்கள். அவர் கிட்டே போய்த் தொடவில்லை, மருந்து போடவில்லை. நீங்கள் போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள் என்கிறார், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் குஷ்டம் நீங்கியவரைப் பார்த்து, சரி, இவர் இனி ஊருக்குள் வரலாம் என்று சொல்லும் அதிகாரம் ஆசாரியரிடம் இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் கிளம்பும்போது உடம்பில் குஷ்டம் அப்படியே இருக்கிறது. நோயோடுதான் நடக்க ஆரம்பிக்கிறார்கள். போகும் வழியில் சுத்தமாகிறார்கள்.

பத்துப் பேரில் ஒருவன் மட்டும் திரும்பி வந்து காலில் விழுகிறான். அவனும் சமாரியன், யூதர்கள் ஒதுக்கி வைத்த கூட்டத்தைச் சேர்ந்தவன். "சுத்தமானவர்கள் பத்துப்பேர் அல்லவா, மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று இயேசு கேட்கிறார்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்த ஒன்பது பேரை நன்றிகெட்டவர்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. எத்தனை வருஷமாகப் பெண்டாட்டி பிள்ளைகளைப் பக்கத்தில் பார்க்காதவர்களோ! உடம்பு சரியானதும் வீட்டுக்கு ஓடத்தானே தோன்றும்? அவர்களிடம் ஜெபம் இருந்தது, எட்ட நின்றாவது கூப்பிட்டார்கள். நம்பிக்கையும் இருந்தது, இல்லாவிட்டால் குஷ்டத்தோடு ஆசாரியரைப் பார்க்கக் கிளம்பியிருக்க மாட்டார்கள். மூன்றில் இரண்டு இருந்தது. நன்றி ஒன்றுதான் வழியில் விட்டுப்போனது. நம் வீடுகளிலும் இதே கதைதான். கஷ்டம் வந்தால் யாரும் சொல்லித்தராமலே ஜெபம் வந்துவிடும். போக்கிடம் இல்லாதபோது நம்பிக்கையும் எப்படியோ வந்துவிடும். நன்றி மட்டும் தானாக வராது, அதைப் பழக வேண்டும். அதைப் பழகினால் மற்ற இரண்டும் பலப்படும் என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை என்று ஒரு பழக்கம் உண்டு. என் மாமியாரிடம்தான் நான் அதை நெருக்கத்தில் பார்த்தேன். அத்தை படியில் அரிசி அளந்து முறத்தில் போடுவார்கள். கல் பொறுக்கிப் புடைத்ததும், களைவதற்கு முன்னால், ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் பழைய பிஸ்கட் டின்னில் போடுவார்கள். உதடு கொஞ்சம் அசையும். என்ன சொல்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். "சோறு இருக்கு, சாமிக்கு ஸ்தோத்திரம்" என்றார்கள். அவ்வளவுதான் ஜெபம். ஞாயிற்றுக்கிழமை அந்த டின்னைக் கோயிலுக்கு எடுத்துப் போய், அங்கே விரித்திருக்கும் துணியில் கொட்டிவிட்டு வருவார்கள். சேர்ந்த அரிசியை விற்றுச் சபைச் செலவுக்கும், இல்லாத வீடுகளுக்கும் கொடுப்பார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அந்தப் பிடி எப்போது எடுக்கப்படுகிறது என்பது. சாப்பிட்டு முடித்து, மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று இல்லை. உலை வைப்பதற்கு முன்னாலேயே எடுத்தாகிவிட்டது. இன்றைய சோறு எல்லோருக்கும் போதுமா, திடீரென்று விருந்தாளி வருவார்களா, எதுவும் தெரியாது. ஐப்பசி கார்த்திகை மாதங்கள் அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பஞ்ச மாதங்கள். நெல் கொட்டி வைக்கும் குதிர் அடிதட்டிவிடும், சம்பா அறுவடைக்கோ தை மாதம் வர வேண்டும். அப்போது அத்தையின் பிடி சிறுத்துப்போகும். மூன்று விரலால் எடுத்த மாதிரி இருக்கும். ஆனால் எடுக்காமல் விட்டு நான் பார்த்ததில்லை.

நன்றி காட்டினால் கடவுள் இன்னும் நிறையக் கொடுப்பார் என்று பிரசங்கம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்று கொடுத்தால் நூறாக வரும் என்ற கணக்கு. எனக்கு அது பிடிப்பதில்லை. லூக்கா சொல்லும் சம்பவத்தில் அந்த ஒன்பது பேருக்கு வந்த சுகத்தை இயேசு பிடுங்கிக்கொள்ளவில்லை. நன்றி சொல்லாததற்கு அபராதமும் கிடையாது, சொன்னதற்குக் கூலியும் கிடையாது. திரும்பி வந்தவனுக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒன்றுதான். மற்றவர்கள் எட்ட நின்று குரலை மட்டும் கேட்டார்கள், இவன் பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்தான்.

சரி, நம்பிக்கைக்கு வருவோம். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை விவசாயிக்கு நம்பிக்கையைப் பற்றிப் பாடம் எடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நான்கு நாளாகும். அங்கே பிரிந்து, ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாக எங்கள் மடைக்கு வருவதற்குள் இன்னும் எத்தனையோ நாள். சில வருஷம் அணையில் தண்ணீர் இல்லாமல் தேதி தள்ளிப்போகும். சில வருஷம் திறந்தும் எங்களுக்கு வந்து சேராது. அதனால் கடைமடையில் புழுதி விதைப்பு செய்கிறவர்கள் உண்டு. காய்ந்த மண்ணைப் புழுதியாக உழுது, ஈரம் துளிகூட இல்லாத நிலத்தில் விதையைத் தூவிவிடுவார்கள். ஆறு வந்தாலும் சரி, வானம் பெய்தாலும் சரி என்று. அந்தப் பத்துப் பேர் குஷ்டத்தோடு கிளம்பியதும் எனக்குப் புழுதி விதைப்பாகத்தான் தெரிகிறது.

உபாகமம் 11ஆம் அதிகாரத்தில் மோசே இஸ்ரவேல் ஜனங்களிடம் இதை ஒட்டிய ஒரு விஷயம் சொல்கிறார். எகிப்தில் நீங்கள் கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுவதுபோலக் காலால் தண்ணீர் பாய்ச்சிப் பயிர் செய்தீர்கள், இனிப் போகிற தேசம் வானத்து மழையைக் குடிக்கும் தேசம் என்கிறார். ஆற்றை நம்பி வாழ்ந்தவர்களை மழையை நம்பி வாழும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். கேட்டவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்! காவிரியும் வேண்டும், வடகிழக்குப் பருவமழையும் வேண்டும் என்று இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அந்த ஜனங்களின் பயம் புரியும்.

விசுவாசம் வளர்கிறதா இல்லையா என்று பலர் கவலைப்படுகிறார்கள். மாற்கு 4ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன விதை உவமையில், விதைத்தவன் இரவில் தூங்கி, பகலில் விழிக்க, அவனுக்கே தெரியாமல் விதை முளைத்துப் பயிராகிறது. எங்கள் ஊரில் இதை வாசிக்கும்போது பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள். முறைத் தண்ணீர் விடும் ராத்திரியில் எந்த விவசாயி தூங்குகிறார்? மண்வெட்டியும் டார்ச் லைட்டுமாக மடையில் அல்லவா நிற்பார்? ஆனால் மடையில் நின்றாலும் முளையை இழுத்து வளர்க்க முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் டேனிஷ் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதே ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது, 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதற்குள்தான் ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706 ஜூலை 9ஆம் தேதி கரையிறங்கியவர். கோட்டையின் டேனிஷ் தளபதிக்கு அவரைப் பிடிக்கவில்லை, 1708 கடைசியில் சிறையில் வைத்தார். ஏறக்குறைய நான்கு மாதம். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கிச் சில வாரம்தான் ஆகியிருந்தது. வெளியே வந்து அந்த வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1715இல் அந்தப் புத்தகம் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. 1719இல் அவர் இறந்தபோது வயது 36. இன்றைக்கு நம் கையில் இருக்கும் தமிழ் வேதாகமத்தின் கதை அங்கிருந்து வருகிறது. அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை.

இதுவரை பேசியது நல்ல நாளுக்குச் சரி. கெட்ட நாளில் என்ன செய்வது? 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தது. நம் கடற்கரையில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் போனார்கள் என்பது இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்தவர்களும் அதில் போனார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே ராத்திரியில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அப்படிப்பட்ட வீட்டுக்குப் போய், எல்லாம் நன்மைக்கே, ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஒரு சொம்பு காப்பி போட்டுக் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

வேதமே துக்கத்துக்கு இடம் கொடுக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது 13ஆம் சங்கீதம். 88ஆம் சங்கீதம் கடைசி வரைக்கும் இருட்டுதான், ஆறுதலாக ஒரு வரியில்கூட முடிவதில்லை. அதுவும் ஜெபம்தான், அதையும் ஜெபப் புத்தகத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள். நன்றி வராத நாளில் புலம்பலாம். ஆனால் புலம்பலையும் அவரிடமே கொண்டுபோக வேண்டும். அங்கேயும் நம்பிக்கை இருக்கிறது, கோபமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் சபையில் ஒரு அம்மா, கணவர் இல்லாதவர், சொந்தமாகப் பயிர் வைக்கிறவர். ஒரு தை மாதம் அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிட்டுக் காத்திருந்தார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். பகலில் காய வைப்பார், சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார், மறுபடி தூறல் விழும். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது நான் கேட்ட ஜெபத்தை இன்னும் மறக்கவில்லை. "ஆண்டவரே, தார்ப்பாய் கொடுத்த பக்கத்துக் குவியல்காரருக்கு ஸ்தோத்திரம். வெயில் மூணு மணிநேரம் அடிச்சுதே, அதுக்கு ஸ்தோத்திரம். நாளைக்கும் வெயில் வேணும். நீங்க தரலைன்னா நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியாது. ஆமென்." பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில், ஒன்றுக்கும் கவலைப்படாமல் "ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும்" உங்கள் விண்ணப்பங்களைத் தெரியப்படுத்துங்கள் என்கிறார். அதை அவர் காவலில் இருந்துதான் எழுதினார். அந்த அம்மா நெல் குவியல் பக்கத்தில் இருந்து சொன்னார்.

குடும்ப ஜெபம் நடக்கும் வீடுகளுக்கு இதிலிருந்து ஒரு யோசனை. "எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று மொத்தமாகச் சொல்லி முடித்துவிடாதீர்கள். அது வாய் பழகிப்போன வரி, மனசு அதில் நிற்காது. அன்றைக்கு நடந்ததைப் பேர் சொல்லிச் சொல்லுங்கள். மும்முனை மின்சாரம் நேரத்துக்கு வந்தது, பாட்டிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, மாயவரம் பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். பிள்ளைகளையும் ஆளுக்கு ஒன்று சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பேரன் ஒருநாள் பரோட்டாவுக்கு ஸ்தோத்திரம் சொன்னான். தாத்தா முறைத்தார். எனக்கு அது நல்ல ஜெபமாகத்தான் பட்டது. நன்றியைச் சொல்லி முடித்த பிறகு கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று தாரும் என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தவரே இயேசுதான்.

ஞாயிறு பள்ளியில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "நன்றி சொல்லத் தோணவே இல்லை டீச்சர். சும்மா வாயால சொன்னா அது பொய் இல்லையா?" நல்ல கேள்வி. மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு அப்பாவைப் பற்றி அவளிடம் சொன்னேன். பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. சீஷர்களிடம் கொண்டுபோய்ப் பார்த்தும் பலனில்லை. விசுவாசித்தால் எல்லாம் கூடும் என்று இயேசு சொன்னதும் அவர் அழுதுகொண்டே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்றார். இருக்கிறது என்றும் சொல்கிறார், இல்லை என்றும் அதே மூச்சில் சொல்கிறார். முழு விசுவாசத்தோடு நாளைக்கு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அப்போதே பையனைக் குணமாக்கிக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "அப்ப எனக்கு நன்றி வரலைன்னே சொல்லி ஜெபிக்கலாமா?" என்றாள். தாராளமாகச் சொல்லலாம் என்றேன்.

வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.