மூக்கைத் தேய்த்து யோசிக்கும் பையன்

நேயர்களுக்கு வணக்கம். ஓநாயைக் கண்டால் ஓட்டம் பிடிக்கும் ஒரு கார்ட்டூன் சிறுவனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் விக்கி. ஃப்ளாகே என்ற கடலோரக் கிராமத்தின் தலைவர் ஹால்வாரின் ஒரே மகன். அப்பா முரட்டு வைக்கிங் வீரர், அதாவது அந்தக் காலத்து வட ஐரோப்பியக் கடல் கொள்ளையர். பையனோ சண்டை என்றாலே ஒதுங்கிப் போகிறவன்.

ரூனர் யோன்சன் என்ற சுவீடன் நாட்டு எழுத்தாளர் 1963இல் எழுதிய சிறுவர் கதையில் பிறந்தவன் இவன். அந்தக் கதைக்கு 1965இல் ஜெர்மனியின் இளையோர் இலக்கியப் பரிசு கிடைத்தது. அப்புறம் ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சியும் ஆஸ்திரியத் தொலைக்காட்சியும் சேர்ந்து, ஜப்பானிய ஓவியர்களைக் கொண்டு இதைக் கார்ட்டூன் தொடராக்கின. 1974 ஜனவரியில் ஜெர்மனியில் ஒளிபரப்பு தொடங்கியது. மொத்தம் 78 பகுதிகள். எழுதியவர் சுவீடன்காரர், வரைந்தவர்கள் ஜப்பானியர்கள், முதலில் பார்த்தவை ஜெர்மானியக் குழந்தைகள். இத்தனை கை மாறியும் அந்தப் பையனின் பயந்த குணத்தை யாரும் திருத்திவிடவில்லை. எனக்கு அதுதான் மிகவும் பிடித்திருக்கிறது.

என் மகளோடு உட்கார்ந்துதான் இதைப் பார்த்தேன். தோள்வரை தொங்கும் செம்பட்டை முடியைப் பார்த்து, முதல் நாள் முழுக்க அவள் விக்கியை "அவள், அவள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பையன் என்று தெரிந்ததும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றாள். பெண்பிள்ளையா ஆண்பிள்ளையா என்று பல நாட்டுக் குழந்தைகளுக்கும் வந்த சந்தேகம்தான் இது. தமிழில் கதை சொல்லும்போது மட்டும் ஒவ்வொரு வினைச்சொல்லிலும் அதைத் தீர்மானித்தாக வேண்டியிருக்கிறது!

ஆரம்பத்திலேயே அப்பாவுக்கும் மகனுக்கும் கல் சுமக்கும் போட்டி வருகிறது. ஹால்வார் பெரிய பெரிய கற்களாகத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க நடக்கிறார். விக்கி நின்று யோசிக்கிறான். மூக்கை விரலால் தேய்க்கிறான். ஒரு பக்கம் தேய்ப்பான், மறுபக்கம் தேய்ப்பான், பிறகு மூக்குக்குக் கீழே. சட்டென்று நட்சத்திரங்கள் சிதறும், விரலைச் சொடுக்குவான். கற்களைத் தூக்கி எறிய ஒரு பொறி செய்துவிடுகிறான். கல் பறக்கிறது, அப்பா வாய் பிளக்கிறார்.

அந்த யோசிக்கும் நேரத்தைக் கவனியுங்கள். எதிரி நெருங்கிக்கொண்டிருப்பான், கப்பலில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். கப்பல் வீரர்களான ஸ்னோரேயும் ட்யூரேயும் வழக்கம்போல ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருப்பார்கள். குண்டு ஃபாக்ஸே என்ன நடக்கிறது என்று புரியாமல் நிற்பான். பையன் மட்டும் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருப்பான். "சீக்கிரம் சொல்லு" என்று பிள்ளைகளை நாள் முழுக்க விரட்டுகிற எனக்கு, அந்தச் சில நொடிகளில் மனசு உறுத்தியது. பயத்தை விட்டுவிட்டு அவன் யோசிப்பதில்லை. பயந்துகொண்டேதான் யோசிக்கிறான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொடரில் எல்லோர் தலைக்கவசத்திலும் கொம்பு இருக்கிறது. நிஜ வைக்கிங்குகள் கொம்பு வைத்ததற்குச் சான்று இல்லை. நார்வேயில் யெர்முண்ட்பு என்ற இடத்தில் 1943இல் கிடைத்த வைக்கிங் கால இரும்புத் தலைக்கவசத்தில் கொம்பு இல்லை. 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்ளர் பாத்திரங்களுக்குக் கொம்பு வைத்தார். அது மக்கள் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. கொம்பைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் உண்டு. நிஜ வைக்கிங்குகள் 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடியவர்கள், மனிதர்களைப் பிடித்து அடிமைகளாக விற்றவர்கள். தொடரிலும் கொள்ளைக்குப் புறப்படுகிறார்கள், ஆனால் ரத்தம் இல்லை. சிறு பிள்ளைகளுக்கு அது சரிதான். கொஞ்சம் வளர்ந்ததும் மிச்சத்தை நாம்தான் சொல்ல வேண்டும், நான் என் மகளிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை.

அப்புறம் கேட்டாள்: "அங்கே விக்கி மாதிரி ஒருத்தன் இருந்திருந்தா, வேண்டாம்னு சொல்லியிருப்பானாப்பா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

நன்றி, வணக்கம்.