வாயைக் கட்டினால் போதுமா?

நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"எடை குறையணுமா? வாயைக் கட்டு!" உடம்பு பெருத்த எவரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். எடை குறையாவிட்டால் மன உறுதி இல்லை என்றும் சொல்லிவிடுவார்கள். சொல்பவர்களிடம் ஒரு கணக்கும் இருக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7700 கலோரி. தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் பதினைந்து பதினாறு நாளில் ஒரு கிலோ, வருடத்துக்கு 23 கிலோ. தாளில் வகுத்துப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது.

முதல் வாரம் எடை மெஷினும் அதை ஒத்துக்கொள்ளும். இரண்டு கிலோகூட இறங்கியிருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசையும் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பில், ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. அது செலவாகும்போது தண்ணீரும் வெளியேறிவிடும். அப்புறம் முள் மெதுவாகத்தான் இறங்கும், ஒரு கட்டத்தில் நகராது. அதே அளவுச் சாப்பாடு, அதே நடை, ஆனாலும் நகராது. பலர் அந்த இடத்தில்தான் மனம் உடைந்து போகிறார்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? இளைத்த உடம்புக்குக் கொஞ்சம் எரிபொருளே போதும். அதோடு பசியும் ஏறுகிறது. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலும் அவர் குழுவினரும் 2016இல் இதை மதிப்பிட்டார்கள். குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி இறங்குகிறது. பசியோ 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது.

அந்தப் பசி மனிதரை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1944, 45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்தார். உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு போனது. அவர்கள் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், கனவு கண்டார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். இவர்கள் யார் தெரியுமா? உலகமே போரில் இருந்தபோது, ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மனசாட்சிக்காக நின்றவர்கள். இவர்களுக்கா மன உறுதி இல்லை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் அப்போதும் பழைய அளவுக்குத் திரும்பியிருக்கவில்லை. எடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஏறிக்கொண்டிருந்தும் பசி அடங்கவில்லை.

உங்கள் வீட்டிலும் எட்டுக் கிலோ குறைத்து ஐந்து கிலோ திரும்ப ஏறிய ஒருவர் இருக்கலாம். மீதி மூன்று கிலோ திரும்பிவிடாமல் அவர் தினமும் பசியோடு மல்லுக்கட்டுகிறார். அவர் சாப்பிட உட்காரும்போது தயவுசெய்து தட்டை எட்டிப் பார்க்காதீர்கள்.