ஃபில்டர்காரர் காட்டிய பழுப்புத் தண்ணீர்

வணக்கம். முதலில் இந்த இரண்டு டம்ளரையும் பாருங்கள், கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டு வருகிறேன். இது எங்கள் வீட்டு போர் தண்ணீர், அது ஆர்.ஓ. தண்ணீர். போன வாரம் ஒருவர் ஃபில்டர் விற்க வந்தார், கம்பெனி பெயர் வேண்டாம், இதே மாதிரி இரண்டு டம்ளர் வைத்து, பிளக்கில் செருகிய ஒரு கருவியின் கம்பிகளை இரண்டிலும் இறக்கினார். கொஞ்ச நேரத்தில் போர் தண்ணீர் சாக்கடை மாதிரி பழுப்பாகிவிட்டது, ஆர்.ஓ. தண்ணீர் அசையவே இல்லை. அம்மா ஆடிப்போய்விட்டார். "இதையாம்மா குடிக்கிறீங்க? நம்மளோடது நானோ டெக்னாலஜி" என்றார் அவர்.

சரி, நானும் அந்தக் கருவியை வாங்கிச் செய்து பார்த்தேன். நீங்கள் பார்க்கிற பழுப்பு, தண்ணீரில் இருந்த அழுக்கே இல்லை. கருவியின் இரும்புக் கம்பி கரண்டில் கரைந்து வந்த துரு. உப்புத் தண்ணீரில் கரண்ட் நன்றாகப் பாயும், கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது. வித்தை அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது வேறொரு காரணத்துக்கு. அவர் எந்தத் துருவைக் காட்டிப் பயமுறுத்தினாரோ, அதன் பங்காளியை வைத்துத்தான் நிஜமான நானோ வடிகட்டி ஒன்று ஓடுகிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப்பின் குழு உருவாக்கிய 'அம்ரித்'. தண்ணீரில் இருந்து ஆர்சனிக் என்கிற விஷத்தைப் பிடிக்கிற சரக்கு அது.

ஆர்சனிக் கதை நமக்கு அவ்வளவாகத் தெரியாது, மேற்கு வங்கத்தில் முர்ஷிதாபாத், நதியா, மால்டா பக்கம் கேட்டால் சொல்வார்கள். குளத்துத் தண்ணீர் குடித்து வயிற்றுப்போக்கு வருகிறதே என்று ஊர் ஊராக அடிபம்பு போட்டார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தக் கங்கைப் படுகையின் மண்ணுக்குள் ஆர்சனிக் இயற்கையாகவே இருந்தது. நிறம் இல்லை, வாசனை இல்லை, ருசியும் இல்லை. வருடக்கணக்கில் குடித்த பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் தோல் தடித்து, உடம்பில் கரும்புள்ளி விழுந்து, சிலருக்குப் புற்றுநோய் வரைக்கும் போனது.

உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. நம் ஃபில்டர்காரர் பையில் இருக்கிற டிடிஎஸ் மீட்டர், தண்ணீரில் கரைந்த உப்பையெல்லாம் மொத்தமாக மில்லிகிராம் கணக்கில் காட்டும், ஆர்சனிக் அதற்குக் கண்ணிலேயே படாது.

துரு எப்படி அதைப் பிடிக்கிறது? இரும்பு ஆக்சைடு, ஹைட்ராக்சைடு வகையறாவுக்கு ஆர்சனிக் என்றால் ஒட்டிக்கொள்கிற குணம். ஒட்ட இடம் வேண்டுமே, அங்கேதான் நானோ வருகிறது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர், அதாவது சென்டிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு, அளவுத் துண்டுகளாக நறுக்கினால் 6000 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்! கணக்குப் போட்டுப் பாருங்கள், நான் இரண்டு தடவை போட்டேன். ஆனால் அவ்வளவு பொடியாக இருந்தால் தண்ணீரோடு போய்விடும் இல்லையா, அதனால் கைட்டோசன் என்கிற பொருளோடு சேர்த்துக் குருணையாக்குகிறார்கள். இறால் ஓடு, நண்டு ஓட்டில் இருந்து எடுப்பது அது. கரண்ட் வேண்டாம், ஆர்.ஓ. மாதிரி பாதித் தண்ணீரைக் கழிவாகக் கொட்டவும் வேண்டாம். 2013-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், கிருமிக்கு வெள்ளி நானோ துகளும் சேர்த்து, ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு இரண்டரை டாலர்தான் ஆகும் என்று கணக்குக் காட்டியிருந்தார்கள்.

அப்போ வாங்கிவிடலாமா? எங்கள் வீட்டுப் பிரச்சினை உப்பு. இந்தக் குருணை உப்பை எடுக்காது, அதற்கு ஆர்.ஓ. மாதிரி ஏதாவதுதான் வேண்டும். நானோ என்று பெட்டியில் எழுதியிருந்தால் எதைப் பிடிக்கும், எத்தனை லிட்டர் வரைக்கும் பிடிக்கும், இடம் நிரம்பியதை நான் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேளுங்கள். நான் கேட்டேன். அவர் மறுபடியும் கருவியை டம்ளரில் இறக்கினார்.

பேசிக்கொண்டே இருந்ததில் துரு அடியில் இறங்க ஆரம்பித்துவிட்டது, தெரிகிறதா? மேலே கொஞ்சம் தெளிந்துவிட்டது. இதைத் துளசிக்கு ஊற்றவா என்று அம்மா உள்ளே இருந்து கேட்கிறார். வேண்டாம்மா, இருங்க, வரேன்.